வாத்தியாருக்கும் வேண்டும் கோடைப் பள்ளிக்கூடம்!

கோடை விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மாமா வீடு, மாங்காய், கிணற்றுக் குளியல்!

வாத்தியார்களுக்கு?

அவர்களுக்கும் ஓய்வு வேண்டியதுதான். ஆனால், அந்த விடுமுறையில் ஒரு 10 நாள், வாத்தியாரும் மாணவர் ஆக வேண்டும் என்கிறேன் நான்.

பெஞ்சியில் உட்கார்ந்து குறிப்பு எழுதும் மாணவர் அல்ல. குளத்தில் இறங்கும் மாணவர். வயலில் நடக்கும் மாணவர். மண்ணைத் தோண்டிப் பார்க்கும் மாணவர்.

இது எதற்கு? சொல்லுகிறேன், கேளுங்கள்.

தலைகீழாகத் தொங்குவது ஏன்?

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பையன் இருக்கிறான். 7-ம் வகுப்புப் படிக்கிறான். துறுதுறுப்பான பையன்.

ஒரு நாள் அவன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தான். உள்ளே சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன. எல்லாம் தலைகீழாகத் தொங்கின!

"இது ஏன் தலைகீழாகத் தொங்குகிறது?" என்று அம்மாவைக் கேட்டான். அம்மாவுக்குத் தெரியவில்லை. "பள்ளிக்கூடத்தில் கேள்" என்றாள்.

மறுநாள் கேட்டான். "அது பரீட்சைக்கு வராது. உட்கார்" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. என் மனதைச் சுட்டது அதுதான்.

இப்படிச் சொன்ன டீச்சரைப் பின்னர் ஒரு நாள் சந்தித்தேன். பி.எஸ்சி., பி.எட். படித்தவர். நல்லவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"எனக்கும் அது தெரியாது சார். கொசுவின் வாழ்க்கைப் படத்தைப் பரீட்சையில் வரைந்து முழு மார்க் வாங்கி இருக்கிறேன். ஆனால், கொசுப்புழுவை ஒரு நாளும் உயிரோடு பார்த்தது இல்லை. யாரும் காட்டவில்லை" என்றார்.

அவர் பேரில் குற்றம் இல்லை. அவருக்குக் காட்டாதவர்கள் பேரில்தான் குற்றம்.

பதில் இதுதான்

அந்தக் கேள்விக்குப் பதில் என்ன?

கொசுப்புழு தண்ணீரில் வாழ்கிறது. ஆனால், அது காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதற்கு வால் பக்கத்தில் ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாயைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் நீட்டி மூச்சு விடுகிறது. அதனால்தான் தலை கீழே தொங்குகிறது!

தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக் கிடக்கும் புழுவும் உண்டு. அது மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் வகைக் கொசுவின் புழு. அதற்கு அந்த மூச்சுக் குழாய் கிடையாது.

"இதைத் தெரிந்து என்ன லாபம்?" என்று கேட்பீர்கள்.

லாபம் இருக்கிறது. தேங்கிய சாக்கடையில் எண்ணெய் ஊற்றுகிறார்களே, ஏன்? எண்ணெய் ஏடுபோலப் படிந்து, அந்த மூச்சுக் குழாயை அடைத்துவிடுகிறது. புழு செத்துப்போகிறது.

இன்னொன்று. முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, கூட்டுப்புழு கொசுவாகிப் பறக்க, வெயில் காலத்தில் ஒரு வாரம், 10 நாள் போதும். ஆகவே, வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினால், கொசு பிறப்பதற்கு முன்பே அதன் கதை முடிந்துவிடும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவது இல்லை. நம் வீட்டு நல்ல தண்ணீரிலேயே முட்டை இடுகிறது. பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், கொட்டாங்கச்சி எல்லாம் அதற்கு வீடுதான். அது கடிப்பதும் பகலில்!

ஒரு பையன் கேட்ட கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் கிடைத்திருந்தால் ஒரு தெருவே பிழைத்திருக்கும். வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால், 40 வீட்டுத் தொட்டிகள் சுத்தமாகி இருக்கும்.

புத்தகம் இருக்கிறது, குளம் எங்கே?

"சுற்றுச்சூழல் பாடம் பள்ளிக்கூடத்தில் இல்லையா?" என்று கேட்கலாம்.

இருக்கிறது. 1991-ம் ஆண்டு நவம்பர் மாதம், எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயம் ஆக்க வேண்டும் என்றது. 2003-ம் ஆண்டு மறுபடியும் அதை வலியுறுத்தியது.

பாடம் வந்தது. புத்தகம் வந்தது. வண்ண வண்ணப் படங்களும் வந்தன.

ஆனால், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? "குளத்தைக் காப்பது எப்படி?" என்ற கேள்விக்கு 5 வரியை மனப்பாடம் செய்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் பின்னாலேயே ஒரு குளம் கிடக்கும். அதை ஆகாயத்தாமரை மூடி இருக்கும். அதைத் திரும்பிப் பார்ப்பவர் இல்லை!

ஆகாயத்தாமரை நம் நாட்டுச் செடி அல்ல. தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. பூ அழகாக இருக்கும். ஆனால், குளத்தை மூடிவிட்டால் தண்ணீருக்குள் வெளிச்சம் போகாது. உள்ளே பிராணவாயு குறைந்துபோகும். மீன் சாகும்.

சாக்கடைத் தண்ணீரும், வயலில் இருந்து வழியும் உரத் தண்ணீரும் குளத்தில் கலந்தால் அந்தச் செடிக்குக் கொண்டாட்டம். உரம் பயிருக்கு மட்டுமா சோறு? அதற்கும் சோறுதான்!

இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு நாளில் மறந்துபோகும். குளத்தின் கரையில் நின்று, ஒரு கூடைச் செடியை வாரி எடுத்து, வேரை உதறிப் பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது. வேருக்குள் எத்தனை நத்தை, எத்தனை பூச்சி!

வாத்தியார் ஒரு முறையாவது அப்படிச் செய்து பார்த்திருந்தால்தானே, பிள்ளைகளை அழைத்துப் போகத் துணிவு வரும்? தெரியாத குளத்தில் எவர் இறங்குவார்?

ஓஷங்காபாத்தின் கதை

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சிரிப்பவர்களுக்கு ஓர் உண்மைக் கதை சொல்லுகிறேன்.

மத்திய பிரதேசத்தில், நர்மதை ஆற்றின் கரையில் ஓஷங்காபாத் என்று ஒரு மாவட்டம். (2022-ம் ஆண்டில் அதன் பெயர் நர்மதாபுரம் என்று மாற்றப்பட்டது.) விவசாயிகள் நிறைந்த இடம்.

1972-ம் ஆண்டு, அந்த மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிக்கூடங்களில் ஒரு புதுமை தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற அமைப்பும், ரசூலியா என்ற ஊரில் இருந்த நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து இதைத் தொடங்கின. மாநில அரசு அனுமதி கொடுத்தது.

என்ன புதுமை? "விஞ்ஞானத்தை வாயால் சொல்லக்கூடாது, கையால் செய்ய வேண்டும்" என்பதுதான்!

பிள்ளைகள் வெளியே போனார்கள். இலைகளைப் பறித்து வந்து வகை பிரித்தார்கள். விதையை முளைக்கவைத்துப் பார்த்தார்கள். மண்ணைச் சோதித்தார்கள். பார்த்ததைத் தாங்களே எழுதினார்கள். அவர்களுக்கு "பால வைஞானிக்" என்ற பயிற்சிப் புத்தகம் கொடுக்கப்பட்டது. "குழந்தை விஞ்ஞானி" என்று அதற்கு அர்த்தம். அதில் விடைகளைக் காட்டிலும் கேள்விகளே அதிகம்.

பரீட்சையில் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம்! மனப்பாடத்துக்கு அங்கே வேலை இல்லை.

இதற்கெல்லாம் அடிப்படை எது தெரியுமா? வாத்தியார்களுக்கு நடந்த கோடை முகாம்தான்.

கோடை விடுமுறையில் சுமார் 3 வாரம் பயிற்சி. பிள்ளைகள் செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையையும் முதலில் வாத்தியார்கள் தங்கள் கையால் செய்தார்கள். பெரிய கல்லூரிகளில் இருந்தும், டாட்டா ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இருந்தும் விஞ்ஞானிகள் வந்தார்கள். கிராமத்து வாத்தியாரோடு தரையில் உட்கார்ந்து அவர்களும் பூவைப் பிரித்தார்கள்.

இதோடு விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு, மாதம் ஒரு முறை வாத்தியார்கள் கூடினார்கள். "இந்தச் சோதனை சரியாக வரவில்லை", "பிள்ளைகள் இப்படிக் கேட்கிறார்கள், என்ன சொல்ல?" என்று மனம் விட்டுப் பேசினார்கள்.

பிள்ளைகள் தங்கள் சந்தேகங்களைக் கடிதமாக எழுதலாம். "சவாலிராம்" என்ற பெயருக்கு எழுத வேண்டும். கேள்விக்காரன் என்று பொருள். பதில் தேடிப் பிடித்து அனுப்புவார்கள்.

16 பள்ளிக்கூடங்களில் தொடங்கியது, 1978-ம் ஆண்டு மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-ம் ஆண்டு ஏகலைவ்யா என்ற அமைப்பு இந்தப் பொறுப்பை ஏற்றது. பிறகு பல மாவட்டங்களுக்கும் போனது. 30 ஆண்டு நடந்தது.

2002-ம் ஆண்டு மாநில அரசு இதை நிறுத்திவிட்டது. பழையபடி வழக்கமான பாடப்புத்தகமே வந்தது.

"நின்றுபோனதைப் பற்றி ஏன் பேசுகிறாய்?" என்று கேட்கலாம். நின்றதால் அது தோல்வி ஆகிவிடாது. 30 ஆண்டு ஓடிய வண்டியைப் பார்த்து, "வண்டி ஓடாது" என்று யார் சொல்ல முடியும்?

பாம்பும் ஒரு பாடம்தான்

விஞ்ஞானிகள்தான் வந்து சொல்லித்தர வேண்டும் என்பதும் இல்லை. நம் பக்கத்திலேயே ஆசான்கள் இருக்கிறார்கள்.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் 1978-ம் ஆண்டு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, பாம்பைத் திரும்பவும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தில் இருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள்.

வடிவேல் கோபால், மாசி சடையன் என்று இரண்டு இருளர்கள். 2017-ம் ஆண்டு அவர்கள் அமெரிக்காவில் உள்ள புளோரிடாவுக்கே போனார்கள். அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ம் ஆண்டு இருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது.

அமெரிக்காக்காரன் அழைத்துக் கற்றுக்கொள்கிறான். நம் ஊர் வாத்தியார்கள் கற்றுக்கொள்ளக்கூடாதா?

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2000-ம் ஆண்டு முதல் 2019-ம் ஆண்டு வரை, 20 ஆண்டில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். அதிகம் உயிர் குடிப்பவை இந்த நான்கும்தான். சாரைப்பாம்புக்கு விஷம் கிடையாது. அது எலியைத் தின்று விவசாயிக்கு உதவி செய்கிறது. அதையும் அடித்துக் கொல்கிறோம்!

பாம்பு கடித்தால் கத்தியால் கீறக்கூடாது. வாயால் உறிஞ்சக்கூடாது. கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மந்திரத்தை நம்பி நேரத்தைக் கடத்தினால் உயிர் போய்விடும்.

இதை வாத்தியார் சொன்னால் ஊர் கேட்கும். ஆனால், வாத்தியாருக்கு யாராவது சொல்ல வேண்டுமே!

விடுமுறையைப் பறிக்கலாமா?

இனி, வாத்தியார்கள் பக்கத்து நியாயத்தையும் பேச வேண்டும்.

"ஆண்டு முழுவதும் தொண்டை வறளக் கத்துகிறோம். தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை எல்லாம் எங்கள் தலையில்தான். கிடைப்பது ஒரு விடுமுறை. அதையும் பறிக்கிறீர்களா?" என்று அவர்கள் கேட்பார்கள்.

நியாயமான கேள்வி! டீச்சர்களுக்கு இன்னும் கஷ்டம். பள்ளிக்கூடம் விட்டால் அடுப்படி. விடுமுறையிலும் அடுப்படி.

ஆகவே, பயிற்சியை இனாமாகக் கேட்கக்கூடாது. முகாமுக்குக் கொடுத்த நாளுக்கு ஈடாக வேறு நாளில் விடுப்புக் கொடுக்க வேண்டும். பஸ் செலவு, சாப்பாடு கொடுக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள டீச்சர்கள் குழந்தையோடு வர வசதி வேண்டும். முகாம் தூர தேசத்தில் நடக்கக்கூடாது. பக்கத்து ஊர்க் குளமும் வயலும் போதும்.

வெயிலுக்கு என்ன செய்வது? காலை 6 மணிக்குத் தொடங்கலாம். 10 மணி வரை வெளியே. பிறகு நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்க்கலாம். பறவையும் பூச்சியும் நன்றாகக் கண்ணில் படுவது அதிகாலையில்தானே!

வாத்தியார்கள் சொல்லும் இன்னொரு குறையும் உண்டு. "பயிற்சிக்குப் போகிறோம். ஒருவர் மேடையில் படிக்கிறார். திரையில் படம் ஓடுகிறது. டீ வருகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்" என்கிறார்கள்.

அப்படிப்பட்ட பயிற்சி வேண்டவே வேண்டாம். அதற்கு அவர்கள் வீட்டிலேயே தூங்கலாம்!

சொன்னவர்கள் பலர்

வாத்தியார்கள் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பது என் சொந்தச் சரக்கு அல்ல.

1964-ம் ஆண்டு முதல் 1966-ம் ஆண்டு வரை கோத்தாரி கல்விக் குழு வேலை செய்தது. ஒவ்வொரு வாத்தியாரும் 5 ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு, மூன்று மாதமாவது பயிற்சி பெற வேண்டும் என்று அது சொன்னது.

மத்திய அரசு 2020-ம் ஆண்டு வெளியிட்ட தேசியக் கல்விக் கொள்கை, ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைப் பற்றிப் பல சண்டைகள் உண்டு. ஆனால், வாத்தியார் படிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

நாளுக்கு 5 மணி நேரம் என்று வைத்தால், 50 மணி நேரம் என்பது 10 நாள். நான் கேட்பதும் அந்தப் 10 நாளைத்தான்!

என்னென்ன கற்கலாம்?

பெரிய செலவு வேண்டாம்.

ஒரு நாள், குளத்துத் தண்ணீர். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொசுப்புழுவை விட்டு, அது கொசு ஆகும் வரை பார்க்கட்டும். பாட்டிலின் வாயைத் துணியால் கட்ட மறக்கக்கூடாது! இன்னொரு பாட்டிலில் தும்பியின் குஞ்சையும் சேர்த்து விடட்டும். தும்பியின் குஞ்சு தண்ணீரில்தான் வளரும். அது கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். மருந்து அடிக்காமலே கொசு ஒழியும் வித்தையைக் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு நாள், நிலக்கடலைச் செடி. வேரோடு பிடுங்கினால் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள், காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாகத் தருகின்றன. கடலை போட்ட நிலத்தில் அடுத்த பயிர் ஏன் செழிக்கிறது என்பது நம் தாத்தாவுக்குத் தெரியும். அதற்குக் காரணம் பேரனுக்குத் தெரியட்டும்.

பூதக்கண்ணாடி வாங்கப் பணம் இல்லையா? காகிதத்தை மடித்துச் செய்கிற மைக்ராஸ்கோப்பே வந்துவிட்டது! அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வேலை செய்யும் மனு பிரகாஷ் என்ற இந்திய விஞ்ஞானி, தம் குழுவினரோடு சேர்ந்து அதைக் கண்டுபிடித்தார். 2014-ம் ஆண்டு அதைப் பற்றி உலகுக்குச் சொன்னார். பொருளை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாள், ஊர்ப் பெரியவர்களோடு. விவசாயி, மீனவர், ஆடு மேய்ப்பவர், வைத்தியர் எல்லோரும் வரட்டும். தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். அதில் எது சரி, எது தவறு என்று சோதித்துப் பார்ப்பதும் விஞ்ஞானம்தான்.

"தெரியாது" என்பது குறை அல்ல

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் 10 நாளில் வாத்தியார் ஒன்றைக் கற்க வேண்டும். "எனக்குத் தெரியாது. வா, இருவரும் சேர்ந்து பார்க்கலாம்" என்று வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்லும் வாத்தியாரிடம் எந்தப் பிள்ளையும் மரியாதை குறைந்துபோக மாட்டான். தெரியாததை மறைத்து அதட்டுகிறவரிடம்தான் பிள்ளை ஒதுங்கிக்கொள்வான்.

பெற்றோரே! நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும், "எத்தனை மார்க்கு?" என்றுதான் கேட்கிறோம். "இன்று என்ன கேள்வி கேட்டாய்?" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். வாத்தியார் பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துப் போனால், "பாடம் நடத்தாமல் ஊர் சுற்றுகிறார்" என்று புகார் சொல்லாதீர்கள். அதுதான் பாடம்!

பக்கத்து வீட்டுப் பையனின் டீச்சரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பேசி முடித்துக் கிளம்பும்போது அவர் என்னிடம், "சார், அந்தப் பையன் வீட்டுத் தொட்டியில் இன்னும் புழு இருக்குமா? ஒரு பாட்டிலில் பிடித்து வரச் சொல்லுங்கள். நானும் பார்க்க வேண்டும்" என்றார்.

பையனிடம் சொன்னேன். "டீச்சரே கேட்டாங்களா!" என்று ஒரே ஓட்டமாக ஓடினான்.

அந்த டீச்சருக்கு ஆசை இருக்கிறது. இப்படி ஆசை உள்ள வாத்தியார்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி காட்டும் 10 நாள்தான் இல்லை.

அடுத்த கோடைக்குள் அந்தப் 10 நாளை அவர்களுக்குக் கொடுங்கள்!